கணக்கும் கட்சியும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருட் கடை ஒன்றில், தேக்குக் கதவுகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் ரவிவர்மா படங்களுக்கும் நடுவே தூசி படிந்து கிடந்த ஒரு பேரேட்டைச் சில ஆண்டுகளுக்கு முன் கையில் எடுத்துப் பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. "கொழும்புக் கணக்கு ஐயா, எங்க ஐயா காலத்தோட இதை வாசிக்கிற ஆளும் போயிட்டாங்க" என்றார் கடைக்காரர். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழியும் அதன் கீழே 'சிவமயம்' என்ற சொல்லும் இருந்தன. ஒருபுறம் வரவும் மறுபுறம் பற்றும், அரையும் காலும் மாகாணியுமாகத் தமிழ் எண்களில், மை பழுப்பேறிய பின்னும் தெளிவாக நின்றன. ஓரிடத்தில் ஒரு தொகை ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. அடித்த எண்ணும் வாசிக்கும்படியே இருக்க, அதன் பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் திருத்தமும், திருத்தியவரின் ஒப்பமும், தேதியும் காணப்பட்டன. பிழையை மறைக்காமல் பிழையாகவே நிறுத்தி, அதன் அருகில் சரியானதை எழுதிவைத்த அந்த ஒரு வரி என் மனத்தை விட்டு இன்றுவரை அகலவில்லை.

கடல் கடந்து கொண்டுவிற்கச் சென்ற நகரத்தாரின் தொழில் முறையை அறிந்தவர்களுக்கு அந்த வரியின் மகிமை விளங்கும். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். பணமோ கொழும்பிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் புழங்கும். மேலாள் என்றும் ஏஜண்டு என்றும் வழங்கப்பட்டவர், அடுத்தாளையும் பெட்டியடிப் பையனையும் துணைக்கொண்டு, கொழும்புச் செட்டியார் தெருவின் கிட்டங்கியில் அமர்ந்து, முதலாளியின் விலாசத்தில் கொடுக்கவும் வாங்கவும் முழு அதிகாரம் பெற்றிருந்தார். மூன்றாண்டுக் கெடு முடியும்வரை அவருடைய கையை அன்றாடம் பிடித்துப் பார்ப்பாரில்லை. கெடு முடிந்து ஊர் திரும்பிய பின்னரோ, பட்டாலையில் முதலாளியின் எதிரே அமர்ந்து, பேரேட்டையும் குறிப்பையும் விரித்து, ஐந்தொகை கட்டி, கேட்ட கேள்விக்கெல்லாம் வரி வரியாக விடை சொல்லியாக வேண்டும். அவர் முதலாளிக்கு மைத்துனராகவும் இருக்கலாம், பங்காளி மகனாகவும் இருக்கலாம். உறவு இருந்த காரணத்தாலேயே கணக்கு உறவுக்கு அப்பாற்பட்டதாக வைக்கப்பட்டது. பெரிய அதிகாரத்தை ஒருவர் கையில் ஒப்படைக்கும் சமூகம் அந்த அதிகாரத்திற்குக் கணக்குக் கேட்கும் வழியையும் உடன் வகுத்துக்கொள்ள வேண்டும் என்னும் தத்துவத்தை, இந்த வறண்ட பூமியின் வணிகர்கள் எந்த அரசியல் சாஸ்திரமும் பயிலாமலே அறிந்திருந்தார்கள்.

ஒரு தேசத்தின் ஜனாதிபதிக்கும் அப்படித்தான் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கென அரசியல் சட்டங்கள் வகுத்திருக்கும் கடைசி வழி, இலங்கைத் தமிழர் குற்றப்பிரேரணை என்றும் நம்மவர் பதவி நீக்கத் தீர்மானம் என்றும் வழங்கும் பெரு விசாரணை. இந்த விசாரணையின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் 'கட்சி' என்ற ஒரு சொல் என் சிந்தையில் வந்து நிற்கும். பழைய அச்சுப் புத்தகங்களில் 'கக்ஷி' என்று காணப்படும் இச்சொல்லுக்கு நீதிமன்றத்தில் ஒரு பொருளும் அரசியல் மேடையில் வேறொரு பொருளும் உண்டு. வழக்கறிஞர் தம்மிடம் வழக்கை ஒப்படைத்தவரைக் கட்சிக்காரர் என்பார். தேர்தலில் கொடி பிடிப்பவரையும் நாம் கட்சிக்காரர் என்றே சொல்கிறோம். சட்டசபை நீதிமன்றமாக மாறி ஒரு தலைவரை விசாரிக்க உட்காரும் அபூர்வமான நாளில் இந்த இரண்டு பொருள்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நீதிபதியின் ஆசனத்தில் அமர வேண்டியவர்கள் எல்லோரும் முன்னமே ஏதோ ஒரு கட்சிக்காரராக இருக்கிறார்கள். அந்த மோதலில் எது தோற்கிறது என்பதை, செட்டிநாட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கையில் 1991ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவம் வேறெதையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது.

அந்தச் சம்பவத்திற்கும் சிவகங்கைச் சீமைக்கும் ஓர் உயிர்த்தொடர்பு உண்டு. திருப்பத்தூர் வட்டாரத்தில் உள்ள முனப்புதூரில் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் பிறந்து, பதினொரு வயதுச் சிறுவனாக 1924இல் இலங்கை மலைநாட்டுக்குச் சென்று, பின்னாளில் தோட்டத் தொழிலாளரின் தனிப்பெருந் தலைவராக விளங்கிய சௌமியமூர்த்தி தொண்டமான், அந்த நாளில் இலங்கை அமைச்சரவையில் ஒரு மந்திரி. செட்டியார்களின் பணம் சென்ற கடல்வழியிலேயே, பஞ்சத்துக்கு அஞ்சிய இந்தப் பக்கத்துக் குடியானவர்களின் உடலுழைப்பும் சென்றது. முன்னது கொழும்புத் தெருவில் வட்டியாக வளர்ந்தது. பின்னது மலைச்சரிவுகளில் தேயிலையாக வளர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தத் தேயிலைத் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கிற்று. அடுத்த ஆண்டு அவர்களுடைய வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947இல் நுவரெலியாவின் பிரதிநிதியாகச் சபைக்குள் நுழைந்த தொண்டமான், தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களின் பெயர்கள் வாக்காளர் ஜாபிதாவிலிருந்து அடிக்கப்படுவதைத் தம் கண்ணாலேயே காண நேர்ந்தது.

இனி, விசாரணைக்கு இலக்கான பதவியைப் பார்ப்போம். 1978ஆம் ஆண்டு செப்டம்பரில் பிறந்த இலங்கையின் புதிய அரசியல் சட்டம், ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் சித்தப்படி, நிறைவேற்று அதிகாரம் அனைத்தையும் ஜனாதிபதி ஒருவரின் கையில் குவித்தது. அவரை விலக்கும் வழியை 38ஆம் பிரிவு சொல்கிறது. வேண்டுமென்றே அரசியல் சட்டத்தை மீறுதல், தேசத்துரோகம், லஞ்சம், அதிகாரத் துஷ்பிரயோகம் முதலான குற்றங்களைச் சாட்டி, சபை உறுப்பினருள் மூன்றில் இரண்டு பங்கினர் கையொப்பமிட்ட அறிவித்தலைச் சபாநாயகரிடம் கொடுக்கலாம். அல்லது சரிபாதிக்குக் குறையாதவர் ஒப்பமிட்டிருந்து, குற்றச்சாட்டு விசாரணைக்குத் தகுதியுடையது என்று சபாநாயகர் திருப்தியடைந்தாலும் போதும். அதன்பின் சபை மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அதை ஏற்க வேண்டும். உச்சநீதிமன்றம் விசாரித்து அறிக்கை தர வேண்டும். குற்றம் உண்டென்று அறிக்கை சொன்னால் மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சபாநாயகர் பிரேரணையை ஏற்றுக்கொண்டபின் ஜனாதிபதி சபையைக் கலைத்துத் தப்பிவிட முடியாது என்ற காப்பும் அந்தச் சட்டத்தில் அப்போது இருந்தது. ஏட்டில் பார்த்தால் நேர்த்தியான ஏற்பாடு. சபையில் தொடங்கும் வழக்கு நீதிமன்றத்தில் ஆராயப்பட்டு மறுபடி சபையில் முடிகிறது.

ஆனால் இதே சட்டம், சபையில் அமர்பவனின் மனச்சாட்சியை வேறொரு கயிற்றால் கட்டியும் வைத்தது. கட்சியினின்று வெளியேற்றப்பட்ட உறுப்பினர், உச்சநீதிமன்றம் அந்த வெளியேற்றத்தைத் தவறென்று சொன்னாலன்றி, தம் ஆசனத்தையும் இழப்பார் என்பது 99ஆம் பிரிவின் விதி. இதற்கும் மேலே சென்று, 1982இல் ஜயவர்த்தனா தம் கட்சியின் உறுப்பினர்களிடமிருந்து தேதியிடப்படாத ராஜிநாமாக் கடிதங்களை எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். ஒருவன் தலைவனுக்கு எதிராகக் கையெழுத்திடும் உரிமையை ஒரு பிரிவு கொடுக்க, அப்படிக் கையெழுத்திட்டால் இருக்கையே போய்விடும் என்ற பயத்தை மற்றொரு பிரிவு கொடுத்தது.

இந்தச் சட்டத்தின்படி இரண்டாவது ஜனாதிபதியாக வந்தவர் ரணசிங்க பிரேமதாசா. 1988ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள், தெற்கே ஜனதா விமுக்தி பெரமுனாவின் பயங்கரமும் வடக்கே இந்திய அமைதிப்படையின் யுத்தமுமாக நாடு தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தபோது, சிறிமாவோ பண்டாரநாயக்காவை எதிர்த்து, பாதி வாக்கைச் சற்றே தாண்டிய பெரும்பான்மையால் அவர் வென்றார். 1989 பிப்ரவரியில் நடந்த பொதுத்தேர்தலில் 225 ஆசனங்களுள் அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி 125ஐப் பெற்றது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: சபையின் பாதி 113. எதிர்வரிசையின் நூறு பேரும் ஒருங்கே நின்றாலும், ஆளுங்கட்சியிலிருந்து பதின்மூவராவது தம் தலைவருக்கு எதிராக ஒப்பமிட்டால்தான் அறிவித்தல் ஒன்று பிறக்கக்கூடும்.

ஆளுங்கட்சிக்குள் அதிருப்திக்குக் குறைவில்லை. ஜயவர்த்தனாவின் வாரிசாக வரக்கூடியவர்கள் என்று பேசப்பட்ட இருவர் அங்கே இருந்தார்கள். ஆக்ஸ்போர்டு யூனியன் விவாத சங்கத்தின் தலைவராக இருந்து, பின்பு தேசியப் பாதுகாப்பு மந்திரியாகப் பெயரெடுத்த லலித் அத்துலத்முதலி ஒருவர். மகாவலித் திட்டத்தை விரைந்து முடித்துக் காட்டிய காமினி திசாநாயக்கா மற்றவர். பிரேமதாசாவோ கொழும்பு வாழைத்தோட்டத்தின் எளிய குடும்பத்திலிருந்து, உழைப்பாலும் விடாப்பிடியாலும் மேலே வந்தவர். பத்து லட்சம் வீடுகள் என்றும் ஜனசவிய என்றும் ஏழைகளின் பெயரால் பெருந்திட்டங்களை நடத்தியவர். மூவரும் ஒரே மந்திரிசபையில் பல்லாண்டு அருகருகே அமர்ந்திருந்தவர்கள். காமினி 1990இல் மந்திரிப் பதவியை இழந்தார். அடுத்த ஆண்டு, 1991 ஆகஸ்டில், யாரும் எதிர்பாராதபடி இடி விழுந்தது. ஜனாதிபதிக்கு எதிரான பிரேரணை தம்மிடம் தரப்பட்டிருப்பதாகவும், அதைத் தாம் ஏற்றுக்கொண்டிருப்பதாகவும் சபாநாயகர் எம். எச். முகம்மது, ஆகஸ்டு 28ஆம் நாள் ஜனாதிபதிக்கே அறிவித்தார். சபாநாயகரும் ஐக்கிய தேசியக் கட்சிக்காரரே என்பது கவனிக்கத்தக்கது.

அப்போது இரு தரப்பிலும் நிகழ்ந்த வாதங்களை நிதானமாக எடைபோட வேண்டும். ஏனெனில் உலகில் எந்தத் தலைவரை விசாரிக்க முற்பட்டாலும் இவையே வேறு வேறு உடை தரித்து வருகின்றன. பிரேரணைக்காரர் சொன்னது: அமைச்சரவையைப் பெயரளவில் வைத்துக்கொண்டு ஒரு தனி மனிதர் ஆட்சி செய்கிறார், மந்திரிகளுடைய தொலைபேசிகளும் ஒட்டுக்கேட்கப்படுகின்றன, தேசத்தின் சைனியத்தோடு யுத்தம் செய்யும் விடுதலைப் புலிகளுக்கு, இந்தியப் படையை வெளியேற்றும் பொருட்டு, அரசாங்கத்தின் ஆயுதங்களே கொடுக்கப்பட்டன, இவ்வளவு அதிகாரத்தைத் தாங்கும் வலிமை எந்த ஒரு மனிதருக்கும் கிடையாதாகையால் இந்தப் பதவியையே ஒழிக்க வேண்டும். ஜனாதிபதியின் தரப்பார் சொன்னது: இது பதவி கிடைக்காதவர்களின் சதி, ஜனங்கள் நேராக வாக்களித்துத் தேர்ந்த தலைவரைச் சில நூறு அடி சதுர மண்டபத்துக்குள் இரகசியக் கையெழுத்துகளால் வீழ்த்தப் பார்ப்பது ஜனநாயகத்துக்குத் துரோகம், வாழைத்தோட்டத்துப் பிள்ளை ராஜ்யம் ஆள்வதைப் பொறுக்கமாட்டாத மேட்டுக்குடியின் ஆங்காரமே இதன் வேர், யுத்தம் நடக்கும் நாட்டில் தலைமையை அசைப்பது பகைவனுக்கு வாசல் திறப்பதாகும்.

இந்த இரண்டு வாதங்களிலும் உண்மை உண்டு. இரண்டிலும் ஒளித்துவைக்கப்பட்டதும் உண்டு. நிறைவேற்று ஜனாதிபதிப் பதவி ஆபத்தானது என்று 1991இல் கண்டுபிடித்த லலித்தும் காமினியும், 1978இல் அதைப் படைத்த அரசாங்கத்தின் மந்திரிகள். பதவி தங்கள் தலைவரிடம் இருந்தவரையில் அதன் அபாயம் அவர்கள் கண்ணில் படவில்லை. 1980ஆம் ஆண்டு அக்டோபரில், அதிகாரத் துஷ்பிரயோகம் செய்தார் என்று ஒரு விசேஷ ஆணைக்குழுவின் முடிவைக் காட்டி, சிறிமாவோவின் குடியுரிமைகளை ஏழாண்டுக்குப் பறித்துச் சபையிலிருந்தும் அவரை வெளியேற்றியது இவர்கள் அங்கம் வகித்த அதே அரசாங்கம். இப்போதோ அந்த அம்மையாரின் கட்சியுடைய கையெழுத்துகளை நம்பியே இவர்களின் பிரேரணை நின்றது. மறுபுறம், ஜனங்களின் தீர்ப்பே முடிவானது என்ற வாதத்தை ஒப்புக்கொண்டால், எந்தத் தலைவரையும் அவருடைய தவணை முடியும்வரை எந்தக் குற்றத்துக்காகவும் கேட்க வழியில்லை. கொழும்புக் கடைக்குப் போன மேலாளை, நீங்கள்தானே என்னை அனுப்பினீர்கள் என்ற ஒரே விடையோடு ஊர் திரும்ப விடுவது போலாகும் அது. ஆயுதம் கொடுக்கப்பட்டதா இல்லையா? கொடுத்தது யாருடைய உத்தரவால்? அந்த உத்தரவு சட்டத்துக்கு உட்பட்டதா? இவையே உண்மையான கேள்விகள். இவற்றுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சாட்சியத்தைக் கொண்டு விடை சொல்லலாம். ஆனால் அந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கொழும்பில் கேட்கப்பட்ட கேள்வி இவற்றுள் ஒன்றுமன்று. நீ யார் பக்கம் என்பதே அங்கே கேட்கப்பட்டது.

அந்தக் கேள்விக்கு விடை விரைவிலேயே கிடைத்தது. ஜனாதிபதி கூட்டத்தொடரை ஒத்திவைத்தார். ஆளுங்கட்சியின் பாராளுமன்றக் குழு அவரிடம் நம்பிக்கை தெரிவித்தது. கையொப்பமிட்டவருட் சிலர் அதை விலக்கிக்கொண்டார்கள். இன்னதில் ஒப்பமிடுகிறோம் என்பதே தங்களுக்குத் தெரியாது என்றவர்களும் உண்டு. லலித், காமினி உள்ளிட்ட எட்டு உறுப்பினர் கட்சியினின்று வெளியேற்றப்பட்டனர். செல்லத்தக்க கையொப்பங்கள் போதிய அளவில் இல்லை என்று அக்டோபரில் சபாநாயகர் அறிவித்தார். டிசம்பரில், உச்சநீதிமன்றம் வெளியேற்றத்தை உறுதி செய்யவே, எண்மரின் ஆசனங்களும் பறிபோயின. இவ்வாறு ஒரு தேசத்தின் தலைவர்மீது எழுந்த மிகப் பெரிய குற்றச்சாட்டு, ஒரு சாட்சியும் விசாரிக்கப்படாமல், ஒரு ஆவணமும் வாசிக்கப்படாமல், சபையின் விவாதத்துக்கே வராமல் முடிந்தது. நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு கட்சியைப் பற்றியது, குற்றத்தைப் பற்றியதன்று.

தொண்டமான் எங்கே நின்றார்? அவர் அமைச்சரவையை விட்டு அகலவில்லை. இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமாகாது. 1977இல் மூன்று உறுப்பினர்களைக் கொண்ட நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து ஒருங்கே சபைக்குச் சென்றவர்கள் காமினி திசாநாயக்கா, சிறிமாவோவின் புதல்வர் அநுரா பண்டாரநாயக்கா, தொண்டமான் ஆகிய மூவரே. ஒரே மலையின் மூன்று பிரதிநிதிகளுள் முதல் இருவரும் 1991இல் ஜனாதிபதியின் எதிரணியில் இருக்க, மூன்றாமவர் அவர் பக்கத்தில் இருந்தார். நாற்பதாண்டு நாடற்றிருந்த தொண்டமானின் மக்களுள் எஞ்சியவர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 1988இல்தான் நிறைவேறியது. அந்த ஆண்டுத் தேர்தலில்தான் அவருடைய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரேமதாசாவை ஆதரித்தது. ஜாபிதாவில் பெயர் ஏறியிருக்கும் மை இன்னும் உலராத ஒரு சமூகத்தின் தலைவர், பெரும்பான்மையோரின் உட்பகையில் ஒரு கையெழுத்தைப் போட்டு அந்த மையைக் கலைக்கத் துணியமாட்டார். அவருடைய நிலையை நான் உணர்கிறேன், அனுதாபப்படவும் செய்கிறேன். ஆயினும், இங்கேயும் நீதிபதியாக அமர வேண்டிய ஒருவர் தம் கட்சிக்காரருக்காக வாதாடுபவராகவே இருக்க நேர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கட்சிப் பற்று எப்போதும் பேராசையிலிருந்து பிறப்பதில்லை. பயத்திலிருந்தும், நன்றியிலிருந்தும், நலிந்தவரைக் காக்கும் கடமையிலிருந்துங்கூட அது பிறக்கிறது. எந்த ஊற்றிலிருந்து வந்தாலும், விசாரணை மன்றத்துக்குள் அது நுழைந்தபின் விளையும் பலன் ஒன்றுதான்.

அந்தப் பலன் கொடியதாக முடிந்தது. வெளியேற்றப்பட்டவர்கள் ஜனநாயக ஐக்கிய தேசிய முன்னணி என்ற புதுக் கட்சி கண்டார்கள். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், கிருலப்பனைத் தேர்தல் கூட்டத்தில் லலித் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டே நாள் கழித்து, மே தின ஊர்வலத்தில், கொழும்பு ஆர்மர் தெருச் சந்தியில் ஜனாதிபதி பிரேமதாசா தற்கொலைக் குண்டுக்குப் பலியானார். 1994ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளராக நின்ற காமினி தொட்டலங்கையில் அதே விதமாக மாண்டார். பிரேரணைக்கும் இந்தக் கொலைகளுக்கும் நேரான முடிச்சுப் போடுவது என் கருத்தன்று. ஆனால் விசாரிக்கப்பட வேண்டியவரும் விசாரிக்கச் சொன்னவர்களும் மூன்றே ஆண்டில் மறைந்துவிட, குற்றச்சாட்டுகள் மட்டும் அனாதையாக நின்றன. பிரேமதாசாவைத் தெய்வமாகக் கொண்டாடுவோர் இன்றும் உண்டு. சர்வாதிகாரி என்று தூற்றுவோரும் உண்டு. இரு சாராரும் தங்கள் நெஞ்சறியப் பேசுகிறார்கள். இருவரிடமும் காட்டுவதற்கு ஒரு தீர்ப்பு இல்லை.

இது அயல்நாட்டுக் குறை என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. பாரதத்தின் அரசியல் சட்டத்தில், ஜனாதிபதிமேல் குற்றம் சாட்ட 61ஆம் பிரிவு வழி வகுத்திருக்கிறது. ஒரு சபையின் நாலில் ஒரு பங்கினர் ஒப்பமிட்டுப் பதினான்கு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அந்தச் சபை மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கால் குற்றம் சாட்டினால், மற்றச் சபை விசாரிக்க வேண்டும். 1950 முதல் இன்றுவரை அந்தப் பிரிவைப் பிரயோகிக்க நேர்ந்ததில்லை. ஆனால் நீதிபதியை நீக்கும் சகோதரப் பிரிவு ஒன்று உண்டு. அது 1993இல் சோதனைக்கு வந்தபோது, விசாரணைக்கு உள்ளானவர் பழைய இராமநாதபுரம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த உச்சநீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி. பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த காலத்தில் அரசாங்கப் பணத்தை அளவு மீறிச் செலவிட்டார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களின் சாரம். மக்களவை உறுப்பினர் 108 பேர் ஒப்பமிட்டார்கள். சபாநாயகர் ரபி ராய் 1991 மார்ச்சில் அதை ஏற்று, நீதிபதி பி. பி. சாவந்த் தலைமையில் மூவர் குழுவை அமைத்தார். இலங்கையில் நடவாதது இங்கே நடந்தது: கணக்குகள் வரவழைக்கப்பட்டன, ஆராயப்பட்டன, பல குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின என்று குழு அறிக்கை தந்தது.

அப்படியிருந்தும், 1993ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தபோது, தீர்மானத்தை ஆதரித்தவர் 196 பேர்; எதிர்த்தவர் ஒருவரும் இல்லை; ஆளுங்கட்சியான காங்கிரஸையும் அதன் தோழமைக் கட்சிகளையும் சேர்ந்த 205 பேர் வாக்களியாமல் அமர்ந்திருந்தார்கள். மொத்த உறுப்பினரின் பெரும்பான்மை கிடைக்காமையால் தீர்மானம் வீழ்ந்தது. விவாதத்தினூடே வடக்கு, தெற்கு என்ற பேச்சும் கலந்தது. நீதிபதி பதவி நீக்கப்படவில்லை. அவர் குற்றமற்றவர் என்று நம்பிய உறுப்பினர் எழுந்து எதிர்த்து வாக்களித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அது ஒரு தீர்ப்பாகும். குற்றவாளி என்றும் சொல்லாமல், நிரபராதி என்றும் சொல்லாமல் இருநூறு பேர் மௌனம் சாதித்த அந்த வேளை, விசாரணைக்கு உள்ளானவருக்கும் இழைக்கப்பட்ட அநியாயம் என்றே கருதுகிறேன். குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும், உண்டு இல்லை என்ற விடையைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

கட்சியை மீறி ஒருவன் கணக்கைப் பார்ப்பது மனித சுபாவத்துக்கே ஒவ்வாதது என்று சொல்வோருக்கு, கடலுக்கு அப்பாலிருந்து ஒரு விடை உண்டு. 1868ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனைச் செனட் சபை விசாரித்தபோது, குற்றவாளி என்றவர் 35 பேர், அல்லர் என்றவர் 19 பேர். மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்குக் குறைந்தது. ஜான்சனை வெறுத்த குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஏழு பேர், சொந்தக் கட்சியின் கோபத்தைத் தலைமேல் ஏற்றுக்கொண்டு, அவருக்குச் சாதகமாக வாக்களித்ததன் விளைவு அது. அவர்கள் செய்தது சரியா தவறா என்று சரித்திர ஆசிரியர் இன்னும் வாதிடுகின்றனர். விடுதலையடைந்த கறுப்பின மக்களின் உரிமைகளுக்கு ஜான்சன் பெருந்தடையாக நின்றவர் என்பதை நினைக்கும்போது அந்த வாதத்தின் கனம் புரியும். ஆனால் அங்கே ஒவ்வொருவரும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, எழுந்து நின்று, தம் விடையைச் சொன்னார். பிற்காலத்தார் வாதிடுவதற்கு அங்கே ஒரு தீர்ப்பாவது எஞ்சியிருக்கிறது.

நம் முன்னோரும் இந்தச் சிக்கலை அறியாதவரல்லர். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலையால் வாரியங்களுக்கு ஆள் தேரும் முறையை விரித்துரைக்கும்போது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை விலக்குவதோடு நில்லாமல், அவனுடைய நெருங்கிய உறவினரையும் முறை சொல்லி அடுக்கி விலக்குகின்றன. வாரியம் செய்கையில் குற்றப்பட்டவனை அப்போதே நீக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன. உறவினரை விலக்கியது ஏன் என்று யோசித்தால், கணக்குக் காட்டாதவனுக்காகக் கட்சி கட்ட வருபவர் முதலில் அவர்களே என்பதைச் சபையார் அறிந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. இன்னும் தெற்கே, பாண்டி நாட்டு மானூரில், ஏறக்குறைய 800ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, சபையில் வரும் காரியம் எதுவாயினும் அன்று அன்று என்று மறுத்துக் குத்துக்கால் செய்வாருக்கும் அவருக்குத் துணை நிற்பாருக்கும் ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. காரியத்தின் தன்மையைப் பாராமல் ஆளைப் பார்த்துப் பேசும் குணம் ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பே நம் மன்றங்களில் இருந்தது. அதைக் குற்றமென்று கல்லில் வெட்டும் துணிவும் இருந்தது.

அக்காலத்துச் சபைகளில் எல்லோரும் இடம்பெறவில்லை. நிலமும் குலமும் உடையவரே அமர்ந்தார்கள். அந்த ஏற்பாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதன்று நான் சொல்வது. கட்சிகள் இல்லாத ஜனநாயகம் நடவாது. ஏழைக்கும் சிறுபான்மையோருக்கும் கட்சியே கவசம் என்பதற்கு முனப்புதூர்ப் பெரியவரின் வாழ்க்கை ஒன்றே போதும். நான் வேண்டுவது சிறிய காரியம். தலைவரை விசாரிக்கும் நாளில் மட்டுமாவது, கட்சித் தலைமையின் கட்டளையும் ஆசனம் போய்விடும் என்ற அச்சமும் உறுப்பினரின் கையைப் பிடிக்கலாகாது. உண்மைகளை ஆராயும் பொறுப்பு, இன்னாரென்று பாராமல் ஏட்டைப் பார்க்கப் பழகியவரிடம் விரைவில் சேர வேண்டும். முடிவில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று உண்டு என்றோ இல்லை என்றோ பெயரோடு விடை சொல்ல வேண்டும். இம்மூன்றும் இல்லாத பதவி நீக்கத் தீர்மானம், வென்றாலும் பழிவாங்கலாகப் பேசப்படும். தோற்றாலும் சதியாகப் பேசப்படும்.

அந்தக் கொழும்புப் பேரேட்டை நான் விலைக்கு வாங்கவில்லை. வாங்கியிருக்கலாமே என்று பின்னர் வருந்தினேன். அந்த விலாசத்துக்காரர் யார், அந்த மேலாள் எந்த ஊரினர், அடிக்கப்பட்ட தொகை கவனப் பிசகா கைச்சுத்தமின்மையா என்பதை அறிய இனி வழியில்லை. ஆயினும், யாரோ இருவர் ஒரு பட்டாலையில் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் கேட்க மற்றவர் விடை சொல்லி, பிழையைக் கண்டு, அதை மறைக்காமல் அடித்து, சரியான தொகையை எழுதி, ஒப்பமும் தேதியும் இட்டு எழுந்து சென்றார்கள் என்பதை அந்தப் பக்கம் எனக்குச் சொல்லிற்று. அவர்கள் எழுந்த பின்னும் மைத்துனன்மாராகவே இருந்திருக்கக்கூடும்; ஒருவேளை பகைவராகவும் ஆகியிருக்கலாம். எப்படியாயினும் அந்தக் கணக்கு அங்கே தீர்ந்தது. 1991ஆம் ஆண்டின் கொழும்புக் கணக்கோ இன்னும் ஐந்தொகை கட்டப்படாமல் திறந்தே கிடக்கிறது.